தொப்பூர் இறக்கமும் இருங்காட்டுக்கோட்டையும்

அன்புள்ள அண்ணா,

நான் கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். என்னிடம் இருப்பது ஃபோக்ஸ்வாகன் போலோ 1.0 டிஎஸ்ஐ, ஆறு கியர் மேனுவல், ஒருவர் ஓட்டிய பிறகு வாங்கியது. ஓசூர் நண்பர்கள் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஒருநாள் தங்கள் கார்களை ஓட்டிப் பார்க்கப் போகிறார்கள். டிராக் டே. என்னையும் அழைக்கிறார்கள். அவர்களுடையவை எல்லாம் 200 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட கார்கள். என் 110 குதிரைத்திறன் காரை அங்கே கொண்டுபோனால் கேலிக்கூத்தாகிவிடுமா? அதற்குள் எஞ்சினை ரீமேப் செய்து, அதாவது அதன் கணினி நிரலை மாற்றி, திறனைக் கூட்டிவிடலாமா? ஹெல்மெட் எது வாங்கலாம்? பயிற்சிக்காக ஞாயிறு விடிகாலைகளில் தொப்பூர் கணவாயில் வேகமாக இறங்கிப் பழகிவருகிறேன். அந்த நேரத்தில் அங்கே கூட்டம் இருக்காது.

(பெயர் வேண்டாம்), கிருஷ்ணகிரி

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளைப் படித்ததும் முன்னால் என்ன கேட்டிருந்தீர்கள் என்பதே மறந்துவிட்டது. திரும்பப் போய்ப் படிக்க வேண்டியிருந்தது. கடிதம் வந்த வாரம்தான் தொப்பூர் வழியாகச் சேலம் போய்வந்தேன். இரட்டைப் பாலத்துக்கு மேலே ஒரு லாரி ஓரங்கட்டி நின்றது. பின்சக்கரங்களிலிருந்து நீலமாகப் புகை. கண்ணாடியை ஏற்றிய பிறகும் பிரேக் லைனிங் கருகிய வாடை காருக்குள் வந்தது. பிரேக்கைப் பற்றி எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். நீங்களாக வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

காரைப் பற்றி முதலில். கேலிக்கூத்தாகாது. 1976இல் ஃபோக்ஸ்வாகன் முதல் கோல்ஃப் ஜிடிஐயை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் திறனும் 110 குதிரைத்திறன்தான். 5,000 கார்கள் மட்டும் செய்வதாகத் திட்டம். காய்கறி வாங்கவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் ஆன பெட்டிக் கார், வளைவு நெளிவில் தன்னைவிடப் பெரிய கார்களைத் திணறடிக்கும் என்று காட்டியது அதுதான். உங்கள் போலோ அதைவிடக் கனமானது என்பது உண்மை. ஆனாலும் நண்பர்களின் கார்களைவிட இலேசானது. அவர்கள் நேர்கோட்டில் பறந்துபோவார்கள், போகட்டும். இருங்காட்டுக்கோட்டைத் தடம் 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். மூன்றாம் கியரை அதன் முழு வீச்சுக்கு இழுத்து, நான்காவதுக்கு மாற்றி, அதையும் இழுத்து, எஞ்சின் தன்னிடம் உள்ளதையெல்லாம் கொடுத்துவிட்டது என்று தெரிந்து ஓட்டுவதில் ஒரு நிறைவு இருக்கிறது. பெரிய கார்க்காரர்களுக்கு அது கிடைப்பதற்குள் பயம் வந்துவிடும்.

வளைவுக்குள் சற்று அதிக வேகத்தில் நுழைந்தால் உங்கள் கார் மூக்கை வெளிப்பக்கம் தள்ளும். முன்சக்கர இழுவைக் கார்கள் எல்லாம் அப்படித்தான். ஸ்டீயரிங்கை இன்னும் திருப்பினால் டயர் அலறுமே தவிர, கார் திரும்பாது. ஆக்சிலரேட்டரை ஒரு விரற்கடை தளர்த்துங்கள், மூக்கு உள்ளே வரும். வெடுக்கென்று காலை எடுத்தால் பின்பக்கம் சுழன்றுவிடும். இந்தக் கொஞ்சத்துக்கும் வெடுக்குக்கும் நடுவில் இருப்பதைக் கால் கற்றுக்கொள்ளும் நாள்தான் டிராக் டே. அதைக் கற்க 110 குதிரைத்திறன் தாராளம்.

ரீமேப் வேண்டாம். ஹெல்மெட் பற்றி நடத்துகிறவர்களே சொல்வார்கள்.

இப்போது தொப்பூர். கூட்டம் இருக்காது என்று உங்களுக்கு யார் சொன்னது? ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை போகிற சாலை அது. தேசிய நெடுஞ்சாலை 44க்கு விடிகாலை என்று தனியாக ஒன்று கிடையாது. இரவெல்லாம் ஓட்டிவந்த ஆளுக்குக் கண் சொருகும் நேரம் என்று ஒன்று உண்டு. அதைத்தான் நீங்கள் பொறுக்கி எடுத்திருக்கிறீர்கள். 2020 டிசம்பரில் கட்டுப்பாடு இழந்த லாரி ஒன்று, முன்னால் வரிசையில் நின்ற கார்களை அந்த இறக்கத்தில்தான் நசுக்கிப்போட்டது. 2024 ஜனவரியில் மறுபடியும். செத்தவர்களில் யாரும் பயிற்சிக்கு வந்தவர்கள் இல்லை. ஊருக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். கணக்குப் பார்க்கிறவர் நீங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரியைத் தாண்டி அவ்வளவு தூரம் பெட்ரோல் செலவழித்து வந்து, அடுத்தவன் உயிரை உங்கள் கணக்கில் பற்று எழுதுகிறீர்கள்.

என் சித்தப்பா அந்தச் சாலையில் லாரி ஓட்டியவர். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல், அதற்கெல்லாம் முன்பு. அப்போது அந்தச் சாலைக்கு எண் 7. குவாரியிலிருந்து கிரானைட் கல்லை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி போவார். பள்ளி விடுமுறையில் சேலம் வரை என்னையும் கேபினில் ஏற்றிக்கொள்வார். இறக்கம் தொடங்கும் முன் வண்டியை ஓரங்கட்டுவார். பிரேக்கை இயக்கும் காற்றின் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்ப்பார். இறங்கிப்போய்க் கல்லைக் கட்டிய சங்கிலியை இழுத்துப் பார்ப்பார். பிறகு இரண்டாம் கியர். அதோடு சரி, கீழே போகும்வரை கியர் கம்பியைத் தொடமாட்டார். எஞ்சின் உறுமிக்கொண்டே வண்டியைப் பிடித்து வைத்திருக்கும். சைக்கிள்காரன்கூட எங்களைத் தாண்டிப்போவான். பின்னால் வரும் லாரிகள் ஹாரனை அமுக்கியபடியே கடந்துபோகும், கிளீனர் பையன்கள் எட்டிப்பார்த்து அசிங்கமாகத் திட்டுவார்கள். எனக்கு மானம் போகும். சித்தப்பா முகத்தில் ஒன்றும் இருக்காது. "ஏறுகிற கியரில்தான் இறங்கணும்" என்பார், எனக்கல்ல, கண்ணாடிக்கு.

கீழே வந்ததும் நிறுத்தி என்னைப் பின்சக்கரத்துக்குக் கூட்டிப்போவார். என் கையைப் பிடித்து, பிரேக் டிரம்மிலிருந்து ஒரு சாண் தள்ளிக் காட்டவைப்பார்.

"சூடு தெரிகிறதா?"

"தெரிகிறது."

"சோறு வேகுமா?"

"வேகாது."

"அப்படியென்றால் பிரேக் இன்னும் நம்முடையது."

எங்களைத் தாண்டிப்போனவர்களில் பலர் நியூட்ரலில் விட்டவர்கள். நியூட்ரலில் எஞ்சினின் பிடிப்பு போய்விடும், முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி விரியும், லைனிங் அதை எட்டிப் பிடிக்க இன்னும் தூரம் போக வேண்டும், லைனிங்கும் பிடிப்பை இழக்கும். எஞ்சின் மந்தமாக ஓடுவதால் பிரேக்குக்கான காற்றுத் தொட்டியும் மெதுவாகத்தான் நிரம்பும். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மிச்சமாகும் டீசல் காசுதான் பலருக்கு வீட்டுக்கு எடுத்துப்போகும் காசு. உங்களைத் திட்ட நன்றாக வருகிறது. உங்களுக்கு என்ன மிச்சம்?

இந்தக் கதையை எதற்குச் சொன்னேன் என்றால், பந்தயத் தடத்தில் உங்கள் காருக்கு நடக்கப்போவதும் அதேதான். 150 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60க்கு ஒரே அழுத்தில் இறக்கிப் பாருங்கள். உங்கள் எடையும் சேர்த்து 1,150 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த மூன்று விநாடியில் பிரேக் விழுங்கும் வெப்பம் இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். ஒரு வளைவுக்கு. அடுத்த வளைவில் மறுபடியும். வேகம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள், தேர்வுக்காக. அந்த வெப்பத்தில் பெரும்பங்கு முன்சக்கர டிஸ்க்குகளுக்குப் போகும். பின்னால் உங்களுக்கு டிரம்தான். 110ஐ 140 ஆக்கினால் நேர்கோட்டின் முடிவில் வேகம் இன்னும் கூடும், அதே பழைய பிரேக்கின் மேல் இன்னொரு சட்டித் தண்ணீரைக் கவிழ்ப்பீர்கள். ரீமேப் வேண்டாம் என்று சொன்னதற்கு இதுதான் காரணம். நண்பர்களின் கார்கள் கனமானவை. அவர்களுக்குச் சட்டி இன்னும் பெரிது.

முதலில் கைவிடுவது பெரும்பாலும் பிரேக் எண்ணெய், பெடலில் கால் கொடுக்கும் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற தரத்தில் வரும் புதிய எண்ணெய் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய எண்ணெய்க்கு விதி கேட்பதே 155 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள். எண்ணெய் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் தரைவரை போகும், கார் போய்க்கொண்டே இருக்கும். இரண்டாவது கை மாறிய காரில் அந்த எண்ணெயை யார், எப்போது மாற்றினார் என்று உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் ஹெல்மெட் இருக்கிறது, ரீமேப் இருக்கிறது, பிரேக் என்ற சொல்லே இல்லை.

ஆகவே போவதற்கு முன் எண்ணெயை மாற்றுங்கள். முன்பக்கப் பேடுகளைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், பாதி தேய்ந்திருந்தால் புதிது போடுங்கள். நாலு சுற்று நன்றாக ஓட்டினால் ஐந்தாவது சுற்றை பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டுங்கள், காற்று பட்டு ஆறட்டும். உள்ளே வந்து நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக்கை இழுக்காதீர்கள். சூட்டோடு சூடாக இழுத்து வைத்தால் டிரம் கோணிக்கொள்ளும், லைனிங் அதில் ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். டயர் சூடேறினால் காற்றழுத்தமும் ஏறும், அதையும் பாருங்கள். பின்னால் வேகமான கார் வந்தால் நீலக் கொடி காட்டுவார்கள், ரோஷம் பார்க்காமல் வழி விடுங்கள். வழக்கமான கார் இன்சூரன்ஸ் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது. பாலிசியை எடுத்துப் படியுங்கள், மோதினால் கைக்காசு என்று நினைத்துக்கொண்டு போங்கள்.

இவ்வளவு பயமுறுத்திவிட்டுப் போகச் சொல்கிறாரே என்று தோன்றும். போகத்தான் சொல்கிறேன். அங்கே எல்லோரும் ஒரே வேலையாக வந்தவர்கள், குறுக்கே டிராக்டர் நுழையாது, வளைவை விட்டு வெளியே போனால் அங்கே யாருடைய வீட்டுச் சுவரும் இருக்காது, கொடியோடு ஆள் நிற்பார். உங்கள் வயதில் எனக்கு அந்த வசதி வாய்த்திருந்தால் வேலைக்கு மட்டம் போட்டிருப்பேன். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை நெடுஞ்சாலையைப் பிடித்தால் இருங்காட்டுக்கோட்டை வழியிலேயே இருக்கிறது, தொப்பூர்ப் பக்கம் தலைவைக்கவே தேவையில்லை.

எண்ணெய் மாற்றிய ரசீதைப் படமெடுத்து அனுப்புங்கள். அது வந்த பிறகு ஹெல்மெட் பற்றிப் பேசலாம்.