ஒரு எட்டுத் தள்ளி நின்றால் சிக்னல் வருவது ஏன்? அன்டெனா டைவர்சிட்டி என்றால் என்ன?

திருக்கோணமலையில் கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது, பிரட்ரிக் கோட்டைக்குள் நின்று போன் பேசிப் பாருங்கள். சில இடத்தில் குரல் உடையும். அரை அடி நகர்ந்தால் தெளியும். பக்கத்தில் மேயும் மான்மீது பழி போட வேண்டாம்.

டவரிலிருந்து வரும் அலை நேராக மட்டும் வருவதில்லை. மதிலில், பாறையில், கடல்நீரில் பட்டுத் தெறித்தும் வருகிறது. ஒன்றின் முகடும் மற்றதன் பள்ளமும் ஓரிடத்தில் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். சிக்னல் மங்குவது இதனால்தான். போன்கள் பயன்படுத்தும் அலைவரிசைகளில் ஒன்றான 1800 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர். ஆகவே ஏழெட்டு சென்டிமீட்டருக்குள்ளேயே நிலைமை மாறிவிடலாம்.

சரி, ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நின்று கேட்டால்? அதுதான் அன்டெனா டைவர்சிட்டி. மீன் ஏலத்தில் அண்ணனும் தம்பியும் தள்ளித்தள்ளி நிற்பார்களே, அதுபோல. சந்தை இரைச்சலில் அண்ணன் தவறவிட்ட விலை தம்பி காதில் விழும். கருவியும் தன் இரண்டு அன்டெனாக்களுக்கு வரும் சிக்னலில் நல்லதை எடுத்துக்கொள்ளும். அல்லது முகடோடு முகடு பொருந்தும்படி இரண்டையும் கூட்டும். கூட்டுவதுதான் மேல். டவரில் பெரும்பாலும் தள்ளி வைப்பதற்குப் பதில், ஒரே பெட்டிக்குள் ஒரு அன்டெனாவை இடச்சாய்வாகவும் மற்றதை வலச்சாய்வாகவும் வைத்துவிடுகிறார்கள். சாய்வு வேறாக இருந்தாலும் இரண்டும் ஒரே நேரத்தில் மங்குவது அரிது, இடமும் மிச்சம்.

அன்டெனா இரண்டு என்றால் டவர் எட்டாத இடத்திலும் சிக்னல் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, வருகிற சிக்னல் திடீர் திடீரென்று அறுந்துபோவதைத்தான் இது குறைக்கும்.