மேடைக் கேள்விகள்: லெகோக் என்ற வாத்தியார்

கேள்வி: நாடகப் பட்டறைகளில் ‘லெகோக் முறை’ என்று அடிக்கடி சொல்கிறார்கள். யார் இவர்? வசனத்தைவிட உடலசைவால் கதை சொல்லும் ‘பிசிக்கல் தியேட்டருக்கு’ உடம்பை வளைக்கத் தெரிந்தே ஆக வேண்டுமா? – கல்லூரி மாணவர், மதுரை

பதில்: ழாக் லெகோக், 1921-ல் பாரிஸில் பிறந்தவர். ஜிம்னாஸ்டிக்ஸ், நீச்சல் என்று விளையாட்டுப் பக்கத்திலிருந்து நாடகத்துக்கு வந்தவர். போர் முடிந்ததும் 1945-ல் கிரெனோபிள் நகரில் ழான் தாஸ்தேயின் நாடகக் குழுவில் சேர்ந்தார். 1948-ல் இத்தாலி போனவர், எட்டு வருஷம் அங்கேயே தங்கிவிட்டார். பதுவாவில் சார்தோரி என்ற சிற்பியோடு சேர்ந்து தோல் முகமூடிகளை ஆராய்ந்தார், மிலானில் பிக்கோலோ தியேட்டரின் பள்ளியை உருவாக்குவதில் பங்கெடுத்தார், சிரகூசாவில் கிரேக்க நாடகங்களில் சேர்ந்து பாடி ஆடும் கோரஸ் குழுவுக்கு அசைவுகள் அமைத்தார். 1956 டிசம்பரில் பாரிஸில் சொந்தப் பள்ளி தொடங்கினார். 1976-ல் அது பழைய குத்துச்சண்டைக் கூடம் ஒன்றுக்கு மாறியது. 1999-ல் இறக்கும்வரை அவர் வாத்தியார்தான்.

வளைவதைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கே குட்டிக்கரணமும் உண்டு, பந்து வீசிப் பிடிப்பதும் உண்டு. ஆனால் அவர் முதலில் கேட்டது கண்ணை. தண்ணீர், நெருப்பு, எண்ணெய், காகிதம் எல்லாம் எப்படி அசைகின்றன என்று பார்த்து, அதை உடம்புக்குக் கொண்டுவரச் சொன்னார். ஒரு தாளைக் கசக்கி மேஜையில் வையுங்கள். கொஞ்சம் விரியும், நிற்கும், எங்கோ ஒரு மூலை மட்டும் படக்கென்று நிமிரும். அந்தத் தயக்கத்தை முதுகெலும்பில் கொண்டுவந்து, பிறகு அதே முதுகோடு ஒரு மனிதரை நடக்க வைத்தால், அவருக்குள் ஏதோ நடந்திருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: முகம்தானே நடிகரின் முதல்? அதை மூடிவிட்டு என்ன நடிப்பது? – வாசகி, நாகர்கோவில்

பதில்: லெகோக் பள்ளியின் ஆரம்பப் பாடமே நடுநிலை முகமூடிதான். சிரிப்பும் அழுகையும் இல்லாத தோல் முகம். அதைப் போட்டுக்கொண்டால் பேசக் கூடாது.

அவருடைய பயிற்சி ஒன்றை என் வகுப்பிலும் செய்யச் சொல்வேன். நெருங்கிய நண்பர் கப்பலில் போகிறார், இனிமேல் பார்க்கவே முடியாது. நீங்கள் துறைமுகத்துக்கு ஓடிவந்து மேடையின் நுனியில் நின்று கடைசியாகக் கையசைக்க வேண்டும். கதை அவ்வளவுதான். முதல் தடவை வருகிற எல்லோரும் பஸ் ஸ்டாண்டில் மாமாவை வழியனுப்புவது போலப் படபடவென்று கையை ஆட்டுவார்கள். கை ஆடும், முதுகு சும்மா இருக்கும். ஒருநாள் ஒரு மாணவி ஓடிவந்து நின்றாள். கையைத் தூக்கினாள், ஆட்டவில்லை. மார்பு மட்டும் கப்பல் பக்கம் சாய்ந்திருந்தது, உடம்பின் பாரம் முழுக்க கால்விரல்களில். அப்புறம் மெதுவாக, மிக மெதுவாக, பாரம் குதிகாலுக்குத் திரும்பியது. கப்பல் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது என்று அந்த நொடியில் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. முகம் திறந்திருந்தால் நாங்கள் கண்ணீரைத்தான் தேடியிருப்போம், குதிகாலைப் பார்த்திருக்க மாட்டோம்.

கேள்வி: ஆயுளின் பெரும்பகுதியை வகுப்பறையில் கழித்தவரைப் படைப்பாளி என்று சொல்ல முடியுமா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: தாராளமாகச் சொல்லலாம், ஐயா. உங்களைப் போன்ற ஓர் ஆசிரியரே இப்படிக் கேட்பதுதான் எனக்கு வருத்தம்.

1960-களில் நடந்தது இது. மாணவர்களை வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவராக நடுவில் வந்து மற்றவர்களைச் சிரிக்க வைக்கச் சொன்னார் லெகோக். கரணம் போட்டார்கள், சேட்டை செய்தார்கள், யாரும் சிரிக்கவில்லை. தோற்றுப்போய், வெட்கத்தோடும் எரிச்சலோடும் அவரவர் இடத்துக்குத் திரும்பியபோதுதான் எல்லோரும் சிரித்தார்கள். அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார் மனிதர். ஒருவருடைய தோல்விக்குள் இருக்கும் கோமாளியைத் தேடுவது அங்கிருந்து ஒரு பாடமாகவே வளர்ந்தது. சிவப்பு மூக்கை உலகின் மிகச் சிறிய முகமூடி என்பார். ஒரு வகுப்பில் கண்ணெதிரே நடந்ததைத் தவறவிடாமல் ஒரு கலையாக்குவது படைப்பு இல்லையென்றால் வேறு எது படைப்பு?

மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, ஆசிரியர் தலையீடு இல்லாமல் வாராவாரம் ஒரு காட்சியைத் தாங்களே உருவாக்கிப் பள்ளியில் எல்லோர் முன்னாலும் காட்ட வேண்டும். லெகோக் எது நிற்கவில்லை என்று சொல்வார், எப்படிச் செய்வது என்று செய்து காட்ட மாட்டார். அதனால்தான் அவருடைய மாணவர்கள் ஒருவர் மாதிரி இன்னொருவர் இல்லை. ஜெஃப்ரி ரஷ் சினிமாவுக்குப் போனார். சைமன் மெக்பர்னி லண்டனில் ‘கொம்ப்ளிசிதே’ குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். இன்னொரு மாணவியான ஆரியான் முனூஷ்கினின் ‘தெயாத்ர் து சொலெய்’ நாடகக் குழு 2016-ல் மேடையேற்றிய நாடகத்தில் நம் தெருக்கூத்தே இருந்தது. பாரிஸ் நடிகர்களுக்கு அடவு சொல்லிக்கொடுத்தவர் புரிசை கண்ணப்ப சம்பந்தன். வாத்தியார் தன் சாயலைத் திணித்திருந்தால் மாணவர்கள் இத்தனை திசைகளில் போயிருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: லெகோக் கட்டடக்கலையும் கற்பித்தாராமே? – வாசகர், கோவை

பதில்: ஆமாம், பாரிஸில் கட்டடக்கலை மாணவர்களுக்கு 20 வருஷம் வகுப்பெடுத்தார். ஒரு தாழ்வாரம் நம்மை வேகமாக நடக்க வைக்கிறது, ஒரு முற்றம் நிற்க வைக்கிறது, இல்லையா? இடமும் அசைவும் சேர்ந்த விஷயம் என்பதற்காகவே 1977-ல் தன் பள்ளியில் தனியாக ஒரு பிரிவு தொடங்கினார்.

கேள்வி: எனக்கு வயது 46, வங்கி வேலை. இனிமேல் இதை ஆரம்பிக்கலாமா? – வாசகி, சேலம்

பதில்: ஆரம்பியுங்கள் அம்மா. வங்கி கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்களைவிட நல்ல இடம் யாருக்குக் கிடைக்கும்? பணம் எடுக்க வருகிறவரும் கடன் கேட்க வருகிறவரும் எப்படி நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். முகத்தை விட்டுவிடுங்கள். பாரம் எந்தக் காலில் இருக்கிறது, பை எந்தத் தோளில் தொங்குகிறது, அது மட்டும் போதும். வீட்டுக்கு வந்து அதே மாதிரி நின்று பாருங்கள். பட்டறையில் சேரும்போது முட்டிவலி, முதுகுவலி ஏதாவது இருந்தால் பயிற்சியாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.