கார்புரேட்டர் மாற்றிய பழைய கார்: எந்த ஏர் ஃபில்டர்?

கேள்வி: பிரீமியர் பத்மினியில் வேறு கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) போட்டிருக்கிறேன். பழைய ஃபில்டர் டப்பா அதன் வாயில் உட்காரவில்லை. கூம்பு ஃபில்டர் மாட்டலாமா அண்ணா?

பதில்: மாட்டலாம், ஆனால் எனக்கு அதில் விருப்பமில்லை. பானெட்டுக்குள் திறந்து நிற்கும் கூம்பு, ரேடியேட்டரைத் தாண்டி வரும் சூடான காற்றைத்தான் இழுக்கும். வெளியே 30 டிகிரி, உள்ளே 60 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி 9 சதவீதம் குறைந்துவிடும். பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது. கலவை ரிச் ஆகி (பெட்ரோல் பங்கு கூடி), டிராஃபிக்கில் வண்டி திணறும். 1089 சிசி இன்ஜின் 5000 ஆர்பிஎம்மில்கூட நிமிடத்துக்கு 2700 லிட்டருக்கு மேல் காற்று கேட்காது; நல்ல பேப்பர் ஃபில்டர் அதைத் தாராளமாகக் கொடுக்கும். லேத் பட்டறையில் ஒரு அலுமினிய வளையம் கடைந்து, பழைய டப்பாவையே உட்கார வையுங்கள். அதன் மூக்கிலிருந்து ஒரு ஹோஸை கிரில் பக்கம் கொண்டுபோங்கள். வளையம் காற்று வாயில் திறந்து மூடும் சோக் தகட்டைத் தடுக்கக் கூடாது, கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கும் ஃப்ளோட் சேம்பரின் காற்றுத் துளையையும் மூடக் கூடாது. அப்புறம், டப்பா மூடி மேல் கொஞ்சம் களிமண் வைத்து பானெட்டை மூடித் திறந்தால் இடைவெளி எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

கேள்வி: சார், அம்பாசிடரில் எஸ்யூ (SU) கம்பெனி கார்புரேட்டர் போட்டேன். ஃபில்டர் இல்லாமல் நன்றாக ஓடுகிறது, மாட்டினால் வேகமே எடுக்கவில்லை.

பதில்: ஃபில்டரைக் குறை சொல்வதற்கு முன்னால், அதற்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் வைக்கும் கேஸ்கெட்டைப் பாருங்கள். கார்புரேட்டர் முகப்பில் பெரிய வாயை ஒட்டிச் சின்னத் துளைகள் இருக்கும். கார்புரேட்டருக்குள்ளேயே இருக்கும் பிஸ்டனுக்கு அடியில் காற்று போகும் வழி அதுதான். கேஸ்கெட்டைத் தலைகீழாக வைத்தால் துளை அடைபட்டு, பிஸ்டன் சரியாக மேலே எழாது. திருப்பிப் போட்டால் சரியாகிவிடும். ஃபில்டரின் அடித்தகட்டிலும் அதே இடத்தில் துளை இருக்க வேண்டும்.

கேள்வி: ஃபில்டரே இல்லாமல் வலை மட்டும் போட்டால் சத்தம் அருமையாக இருக்கிறதே?

பதில்: வேண்டவே வேண்டாம். தூசியும் ஆயிலும் சேர்ந்து சிலிண்டரையும் ரிங்கையும் அரைத்துவிடும்.

கேள்வி: புது ஃபில்டரில் பிரீதர் ஹோஸுக்கு (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் குழாய்) இடமில்லை. அடைத்துவிடலாமா?

பதில்: அடைத்தால் கிராங்க்கேஸில் (இன்ஜினின் அடிப்பகுதியில்) அழுத்தம் ஏறி, ஆயில் சீல் வழியாகக் கசியும். ஃபில்டரின் அடித்தகட்டில் ஒரு குழாய் பற்றவைத்து அதில் இணையுங்கள்.

கேள்வி: இதற்கெல்லாம் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்ற வேண்டுமா?

பதில்: முதலில் ஃபில்டர் வேலையை முடியுங்கள், ஜெட் அப்புறம். ஹைவேயில் நன்றாக ஓட்டி, ஓரமாக நிறுத்தி, சூடு ஆறியதும் பிளக்கைக் கழற்றுங்கள். இளம் பழுப்பாக இருந்தால் கை வைக்காதீர்கள். வெள்ளையாக இருந்தால் மெயின் ஜெட் ஒரு அளவு பெரிதாக, கரி படிந்திருந்தால் ஒரு அளவு சிறிதாக.