அந்த ஆறு மா நிலத்தை விற்க வேண்டாம், ஐயா

ஐயா, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள், அம்மா, தம்பி, அவனுடைய தாய்மாமா என நால்வரும் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து, பன்னிரண்டு முடித்த உங்கள் பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று என்னிடம் ஆலோசனை கேட்க வந்தீர்கள். நீங்கள் ரொம்பவும் கலங்கிப் போயிருந்தீர்கள். அதனால் "கவலைப்படாதீங்க, மார்க் நல்லாத்தான் இருக்கு" என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன். வாசலில் செருப்பு மாட்டும்போது, பன்னிரண்டு மா நிலத்தில், அதாவது நாலு ஏக்கரில், ஆறு மாவை விற்க முன்பணம் வாங்கப் போவதாகச் சொன்னீர்களே, அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அன்றிரவு முழுக்க அது உறுத்தியது. இப்போது சொல்கிறேன்.

விற்காதீர்கள்.

சென்னையில் ஒரு தனியார் கல்லூரி நான்கு வருடத்துக்கு 14 லட்சம் கேட்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ், கூடவே ஏஐ. "இனிமே எல்லாம் இதுதான் மச்சான்" என்று மாமா சொன்னார். அவருடைய அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் படிப்பும் அதில் ஆசை உள்ள பிள்ளைக்கு நல்ல படிப்புதான். ஆனால் தம்பியிடம் நான் கேட்ட ஒரே கேள்விக்கு அவன் சொன்னதைக் கவனித்தீர்களா? பொங்கல் லீவில் என்ன செய்தாய் என்றேன். பெல்ட்டில் ஓடும் நெல் அறுவடை இயந்திர வண்டிக்காரரோடு சுற்றினானாம். பதரோடு நெல்லும் பறந்து விழுந்ததாம். ஃபேன் வேகத்தைக் குறைத்து, சல்லடையைக் கொஞ்சம் திறந்துவிட்ட பிறகு நின்றதாம். அதைச் சொல்லும்போது மட்டும்தான் அந்தப் பிள்ளை தலை நிமிர்ந்து பேசினான். உடனே மாமா பேச்சை மாற்றிவிட்டார்.

"நான் பட்டது போதும், அவன் சேத்துல கால் வைக்கக் கூடாது" என்றீர்கள். உங்கள் பயம் நியாயமானது. 2018-19இல் மத்திய அரசு எடுத்த கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரிலிருந்து வந்தது 3,798 ரூபாய்தான். கூலியிலிருந்து வந்தது அதைவிட அதிகம், 4,063 ரூபாய். தமிழ்நாட்டில் சராசரி நில அளவு 0.75 ஹெக்டேர், உங்கள் கணக்கில் ஏறக்குறைய ஐந்தரை மா. இந்த அளவு நிலத்தை நம்பி மட்டும் பிழைக்கும்படி எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்ல மாட்டேன்.

அதே கணக்கை இன்னொரு பக்கம் திருப்பிப் பாருங்கள். நாட்டில் வேலை செய்பவர்களில் 100க்கு 46 பேர் இன்னும் விவசாயத்தில் இருக்கிறார்கள். நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் அவர்களுக்குக் கிடைப்பதோ 18 சதவீதம் அளவுதான். இது நெடுநாள் தாங்காது. வரும் இருபது ஆண்டுகளில் ஆட்கள் வயலைவிட்டு வெளியேறுவார்கள். உங்கள் ஊரில் நடவுக்கு ஆள் கிடைக்காத நிலை ஏற்கெனவே வந்துவிட்டது. ஆனால் சாப்பிடும் வாய் குறையப் போவதில்லை. ஆள் போன இடத்தை இயந்திரமும், அளந்து விடும் தண்ணீரும், விளைந்ததைக் கெடாமல் காக்கும் ஏற்பாடும் நிரப்பியாக வேண்டும். நம் விவசாய வேலைகளில் இயந்திரம் நுழைந்தது 47 சதவீதம்தான் என்று அரசே சொல்கிறது. மீதி வேலையைச் செய்யத்தான் ஆட்கள் தேவை.

அதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. வேளாண் பொறியியல். 1942லேயே அலகாபாத்தில் தொடங்கிவிட்டார்கள். பி.எஸ்சி. அக்ரி எல்லோருக்கும் தெரியும், அதைப் பற்றி எழுதப் போவதில்லை. நீட்டை இன்னொரு வருடம் எழுதச் சொன்ன அத்தைக்கும் பதில் தேவையில்லை. தம்பிக்கு அதில் மனமே இல்லை. இந்த ஒன்றை மட்டும் உங்கள் ஊர் வயலை வைத்தே விளக்குகிறேன்.

நடவிலிருந்து தொடங்குவோம். நடவு இயந்திரத்துக்குப் பாய் நாற்றங்கால், அதாவது பாய் போல எடுக்கிற நாற்று வேண்டும், நாற்று 15 நாள் வயதில் இருக்க வேண்டும், சேறு படிந்து வயல் மட்டமாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் நாற்று மிதக்கும். விவசாயி மறு வருடம் இயந்திரத்தைக் கிட்டவே விட மாட்டார். வண்டல் மண்ணில் சக்கரம் எவ்வளவு புதையும், எந்த எடைக்கு எந்தப் பெல்ட் என்று கணக்குப் போடுவதும் இந்தப் படிப்புதான்.

அடுத்தது தண்ணீர். மேட்டூர் ஜூன் 12இல் திறந்தாலும் கடைமடைக்கு எப்போது வரும் என்பது உங்களுக்குத் தெரியும். ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயை வயலில் புதைத்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும், மகசூல் குறையாது என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் காட்டியிருக்கிறது. வாய்க்கால், போர்வெல், சோலார் பம்பு, சொட்டுநீர் எல்லாம் சேர்த்து ஒரு கிராமத்தின் தண்ணீருக்குத் திட்டம் போடுகிறவர் வேளாண் பொறியாளர். நாட்டில் எடுக்கும் நிலத்தடி நீரில் சுமார் 87 சதவீதம் பாசனத்துக்குப் போகும்போது, அந்த ஆளின் அருமை வருடத்துக்கு வருடம் கூடத்தான் செய்யும்.

அறுத்த பிறகு வருவதுதான் உங்களை அழவைப்பது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. மழை பிடித்த வருடங்களில் அதைத் தளர்த்தச் சொல்லி சென்னையிலிருந்து டெல்லிக்குக் கடிதம் போகும், நெல் ரோட்டோரம் முளைத்துக்கொண்டிருக்கும். ஊருக்கு ஊர் உலர்த்தி இருந்தால் அந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. சிறு விவசாயி கூலி கொடுத்து உலர்த்தும்படி, குறைந்த எரிபொருளில், அரிசி உடையாமல் அதை வடிவமைக்க வேண்டும். எளிய வேலை அல்ல. ஈர நெல்லோடு மல்லுக்கட்டிய ஊர் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது: 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் சிறு ஆய்வகமாகத் தொடங்கியதுதான் இன்று தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. 2012-13 விளைச்சலை 2014 விலையில் வைத்துப் பார்த்து, நாட்டின் அறுவடை, அறுவடைக்குப் பிந்தைய இழப்பு ஒரு வருடத்துக்கு 92,651 கோடி ரூபாய் என்று கணக்கிட்டார்கள். அது உங்களைப் போன்றவர்களின் உழைப்பு.

எங்கே படிப்பது? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கோயம்புத்தூரிலும், லால்குடிப் பக்கம் குமுளூரிலும் பி.டெக். இருக்கிறது. தம்பி கணிதம் உள்ள ஃபர்ஸ்ட் குரூப் என்பதால் தகுதி உண்டு. பொறியியல் கலந்தாய்வுக்குப் போட்ட விண்ணப்பம் இதற்குச் செல்லாது, தனியாகப் போட வேண்டும். இதைத் தவறவிட்ட குடும்பங்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரிகளிலும் பி.இ. இருக்கிறது. அவற்றில் சேர்வதற்கு முன் நேரில் போங்கள். சொந்தப் பண்ணை எத்தனை ஏக்கர், ஓடும் டிராக்டர் எத்தனை, மண் ஆய்வகம் எங்கே என்று கேளுங்கள். கட்டடத்தை மட்டும் சுற்றிக் காட்டினால் திரும்பி வந்துவிடுங்கள்.

வேலை பற்றி மறைக்காமல் சொல்கிறேன். வேளாண் பொறியியல் துறையின் உதவிப் பொறியாளர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு உண்டு, ஆனால் இடங்கள் குறைவு, வருடா வருடம் வராது. வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வை எழுதலாம். டிராக்டர், சொட்டுநீர், அரிசி ஆலை இயந்திர நிறுவனங்கள் எடுக்கும். முதல் இரண்டு மூன்று வருடம் சம்பளம் சுமார்தான், வெயிலில் அலைய வேண்டும், வெளிமாநிலம் போக நேரலாம். மாமாவின் பக்கத்து வீட்டுப் பையன் வாங்கும் முதல் சம்பளம் இதில் வராமல் போகலாம். ஆனால் நாட்டில் வருடத்துக்கு 9 லட்சத்துக்கு மேல் டிராக்டர் விற்கிறது, பழுது பார்க்கத் தெரிந்த படித்த ஆள் மாவட்டத்துக்குப் பத்துப் பேர் தேறுவதில்லை என்பது நான் ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்தது.

இப்போது பணம். இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தம்பி ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. 2021இல் வந்த சட்டப்படி பொறியியல், வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அவனைப் போன்றவர்களுக்கு 7.5 சதவீதத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசு கட்டும். உங்களிடம் 14 லட்சம் பேசிய எவராவது இதைச் சொன்னார்களா? அந்த ஒதுக்கீட்டில் கிடைக்காமல் போனாலும் அரசுக் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒரு குழி நிலமும் விற்க வேண்டியதில்லை. நிலத்தை விற்று அவனுக்குப் பிடிக்காத படிப்பில் சேர்த்து, இரண்டாம் வருடம் நான்கு பேப்பர் அரியர் வைத்துவிட்டு அவன் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் நிற்பதை நினைத்துப் பாருங்கள். அப்படி நின்ற பிள்ளைகள் என் அறையில் அழுதிருக்கிறார்கள்.

முன்பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாளைக் காலை தலைமையாசிரியரைப் பார்த்து, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று வாங்குங்கள். சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், ஆதார் நகலோடு இந்த வாரமே வாருங்கள், விண்ணப்பத்தை இங்கேயே உட்கார்ந்து போட்டுவிடலாம். மாமாவும் வரட்டும். முதலில் தம்பி பேசட்டும், போன முறை அவனுக்கு இரண்டு நிமிடம்தான் கிடைத்தது.