பி.பி. நார்மல், ஆனால் நுரையீரலில் அழுத்தம்?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. வருஷக்கணக்காக விறகடுப்பில் சமைத்தவர். சோளிங்கர் மலைப் படியைப் பேசிக்கொண்டே ஏறியவருக்கு இப்போது வாசல் தெளிக்கவே மூச்சு வாங்குகிறது, சாயந்திரமானால் கால் வீங்குகிறது. பி.பி. 120/80தான். எக்கோவில் மட்டும் நுரையீரல் அழுத்தம் 60, இதயத்தின் வலது பக்கம் பெரிதாகிவிட்டது என்று வந்திருக்கிறது. எப்படி டாக்டர்?

— வாசகி, குடியாத்தம்

பதில்: கையில் பட்டை கட்டிப் பார்ப்பது, இதயத்தின் இடது பக்கம் உடம்புக்கு அனுப்பும் ரத்தத்தின் அழுத்தம். வலது பக்கம் நுரையீரலுக்கு அனுப்புவது தனிப் பாதை. அங்கே ஏறும் அழுத்தம் அந்த மிஷினில் தெரியாது. அதனால்தான் 'பி.பி. சரியாத்தானே இருக்கு, வயசாயிடுச்சு' என்று பலர் காலத்தைக் கடத்திவிடுகிறார்கள். நீங்கள் எக்கோ வரை கொண்டுபோனது மிக நல்ல காரியம்.

நுரையீரல் பாதையில் சாதாரணமாக 25 அளவுக்குத்தான் மேல் அழுத்தம் இருக்கும். அதற்கேற்றபடி வலது கீழறையின் சுவரும் மெலிசு, 3 முதல் 5 மில்லிமீட்டர்தான். அழுத்தம் ஏறினால் அது முதலில் தடித்து ஈடுகொடுக்கும். வருஷக்கணக்கில் தள்ளித் தள்ளி ஓய்ந்ததும் பலூன் மாதிரி விரியும். விரிந்தால் வால்வு சரியாக மூடாது, ரத்தம் பின்னுக்கு ஒழுகும். கழுத்து நரம்பு புடைப்பதும், ஈரல் வீங்குவதும், கால் வீங்குவதும் அதனால்தான். அப்புறம் இன்னொன்று: விரிந்த வலது அறை நடுச்சுவரை இடது பக்கம் தள்ளுவதால் அங்கேயும் ரத்தம் நிரம்ப இடம் குறைகிறது. படி ஏறும்போது சிலர் மயங்கி விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விறகுப் புகை நுரையீரலைக் கெடுக்கும், ஆக்சிஜன் குறையும், ரத்தக்குழாய்கள் இறுகும். உண்மைதான். ஆனால் 60 என்பது புகையால் மட்டும் வழக்கமாக ஏறும் அளவைவிட அதிகம். பழியை அடுப்பின் மேல் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். சின்ன வயதில் வந்த மூட்டுக்காய்ச்சலால் வால்வு சுருங்கியிருக்கலாம். நுரையீரலில் ரத்தக்கட்டி தங்கியிருக்கலாம், அதைச் சிலருக்கு ஆபரேஷனிலேயே எடுத்துவிட முடியும். குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்கிறதா என்றும் ராத்திரி கவனியுங்கள். காரணத்தைப் பொறுத்து மருந்தே மாறும். இன்னொருவருக்கு எழுதிய நுரையீரல் அழுத்த மாத்திரை அம்மாவுக்குக் கெடுதலாகக்கூட முடியலாம்.

வேலூர் சி.எம்.சி.யிலோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலோ இதயம், நுரையீரல் இரண்டுக்கும் சேர்த்துக் காட்டுங்கள். நுரையீரலுக்கு ஸ்கேன் தேவைப்படும், வலது இதயத்துக்குள் குழாய் செலுத்தி அழுத்தத்தை நேராக அளக்கவும் சொல்லலாம், பயப்பட வேண்டாம். அதுவரை அம்மாவைக் கேஸ் அடுப்புக்கு மாற்றுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். தினமும் காலையில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் நீர் கோக்கிறது என்று அர்த்தம், மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மயக்கம், நெஞ்சுவலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், உதடு நீலமாவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐ அழையுங்கள்.