டஜன்: கேள்வி பதில்

வேலூர்ப் பக்கம் முப்பது வருஷம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். 'டஜன்' என்ற சொல்லைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ஆம்பூர், ஷூ கம்பெனி பேக்கிங் பிரிவு: சார், வெளிநாட்டுக்குப் போகும் கடிதத்தில் 'டூ டஜன்ஸ் ஆஃப் பாக்ஸஸ்' என்று எழுதினேன். மேனேஜர் 'ஸ்', 'ஆஃப்' இரண்டையும் அடித்துவிட்டார். எது சரி?

மேனேஜர் திருத்தியதுதான் சரி. 'டூ டஜன் பாக்ஸஸ்' என்று எழுதுங்கள். முன்னால் ஓர் எண் வந்துவிட்டால் டஜனுக்குப் பன்மை இல்லை, 'ஆஃப்' தேவையில்லை. நேதாஜி மார்க்கெட்டில் "ரெண்டு டஜன் பழம் கொடுங்க" என்றுதானே கேட்கிறோம்? "ரெண்டு டஜன்கள்" என்று யாரும் கேட்பதில்லை. ஆங்கிலமும் அப்படித்தான். வகுப்பில் நான் பார்த்த வரை, தமிழில் நினைத்து அப்படியே எழுதிய பிள்ளைகள் இதைச் சரியாக எழுதினார்கள். பன்மை விதியை மனப்பாடம் செய்தவர்கள்தான் தடுமாறினார்கள்.

எண் சொல்லாமல் "நிறைய" என்னும்போது மட்டும் 'டஜன்ஸ் ஆஃப்' வரும். நாம் "டஜன் கணக்கில்" என்கிறோமே, அதுதான் இது. ஆர்டர் கடிதத்தில் அதை எழுதிவிடாதீர்கள், எத்தனை பெட்டி என்று அவர்களுக்குத் தெரியாது. அப்புறம் ஒரு விலக்கு: 'தீஸ்', 'தெம்' போன்ற சொல் பின்னால் வந்தால் 'ஆஃப்' வேண்டும். 'டூ டஜன் ஆஃப் தெம்' சரி.

காட்பாடி, இல்லத்தரசி: பத்துப் பத்தாக எண்ணாமல் பன்னிரண்டை ஏன் பிடித்தார்கள்? என் பையன் கேட்கிறான்.

நல்ல கேள்வி கேட்டிருக்கிறான்! பத்தை மீதியில்லாமல் பங்கு போட 2, 5 இரண்டு வழிதான். பன்னிரண்டை 2, 3, 4, 6 என்று நாலு விதமாகப் பிரிக்கலாம். கடைக்காரருக்கு அது எவ்வளவு வசதி! ஒரு டஜன் வளையல் வாங்கினால் கைக்கு ஆறு. பையனைக் கட்டைவிரலால் மற்ற நாலு விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணச் சொல்லுங்கள், ஒரே கையில் பன்னிரண்டு வந்துவிடும். ஒரு அடிக்கு 12 அங்குலம். இங்கிலாந்தில் 1971 வரை ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். சொல்லே பன்னிரண்டைக் குறிக்கும் 'தூஸ்' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

குடியாத்தம், தீப்பெட்டித் தொழில்: எங்கள் கணக்கில் வரும் 'குரோஸ்' இதற்குச் சொந்தமா?

நெருங்கிய சொந்தம். பன்னிரண்டு டஜன் ஒரு குரோஸ், அதாவது 144. 'பெரிய டஜன்' என்ற பிரெஞ்சுத் தொடரில் 'பெரிய' மட்டும் மிஞ்சிய சொல் அது. சம்பளச் சீட்டில் பிடித்தம் போகாத முழுத் தொகையைக் குறிக்கிற 'குரோஸ்' சொல்லுக்கும் அதே வேர்தான். இதற்கும் பன்மை கிடையாது: 'டென் குரோஸ்'.

வாலாஜாப்பேட்டை, மளிகைக் கடை: நாங்களே கட்டும் பாக்கெட்டில் '1 டஜன்' என்று அச்சடிக்கலாமா?

வேண்டாம். பொட்டலப் பொருள்களுக்கான 2011 எடையளவு விதிகள் டஜன், குரோஸ் போன்ற சொற்களைப் பாக்கெட்டில் போட அனுமதிப்பதில்லை. '12 எண்ணிக்கை' என்று போடுங்கள்.

சைதாப்பேட்டை, வேலூர்: 'பேக்கர்ஸ் டஜன்' என்றால்?

பதின்மூன்று. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ரொட்டி எடை குறைந்தால் தண்டனை உண்டு. அதற்குப் பயந்து ஒன்று கூடுதலாக வைத்தார்கள் என்று சொல்வார்கள். நம் ஊரில் கொசுறு.

ஆற்காடு, கல்லூரி மாணவி: டஜனுக்குத் தமிழ்ச் சொல் இல்லையா ஐயா?

பன்னிரண்டுக்கென்று தனிச்சொல் பேச்சில் இல்லையம்மா. ஆனால் அந்த மாதிரிச் சொல் நம்மிடம் உண்டு. வெற்றிலைக் கடையில் கேட்டுப் பாருங்கள், நூறு வெற்றிலை ஒரு கவுளி. அங்கேயும் "ரெண்டு கவுளி வெற்றிலை" என்றுதான் கேட்போம், "கவுளிகள்" என்பதில்லை.