கேஸ் பிரஷர் கேள்வி பதில்: ஸ்குரூடிரைவரை எடுப்பதற்கு முன்னால்

ரூம் ஹீட்டர், பாய்லர், ஃபர்னஸ், தண்ணீர் சூடாக்கும் கீசர், இவற்றின் கேஸ் பிரஷர் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். பல வருஷமாக இதுதான் பிழைப்பு. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேஸ் போகிற பாகத்தைத் திறக்கவே பல நாடுகளில் உரிமம் வேண்டும். அது இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு, வருகிற மெக்கானிக்கிடம் சரியான கேள்வியைக் கேட்டால் போதும்.

கேள்வி: அண்ணா, ஹீட்டருக்குப் பொதுவாக எவ்வளவு பிரஷர் இருக்க வேண்டும்?

பதில்: பொதுவாக என்று ஒன்று இல்லை. ஹீட்டரின் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு தகடு ஒட்டியிருக்கும். எந்த கேஸ், உள்ளே வர வேண்டிய பிரஷர் எவ்வளவு, பர்னருக்குப் போக வேண்டியது எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். அந்தத் தகடு சொல்வதுதான் சட்டம்.

குத்துமதிப்பாகக் கேட்டால், வட அமெரிக்க ஃபர்னஸ்களில் பர்னர் பக்கம் இயற்கை எரிவாயுவுக்கு 3.5 அங்குல நீர், புரொப்பேனுக்கு (சிலிண்டரில் வரும் எல்பிஜி வகை) 10 அங்குலம் என்று போட்டிருப்பார்கள். அங்குல நீர் என்றால், தண்ணீரை அத்தனை அங்குலம் உயர்த்துகிற பிரஷர். பிரிட்டனில் மில்லிபார் என்ற வேறு அலகில் கணக்கு. அங்கே கருவிக்குள் வருவது இயற்கை எரிவாயு என்றால் 20, புரொப்பேன் என்றால் 37. ஒரு அங்குல நீர் ஏறக்குறைய 2.5 மில்லிபார். இந்த இரண்டு பேச்சிலும் ஒரு வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள். முதலாவது பர்னர் பக்கம், இரண்டாவது உள்ளே வரும் பக்கம். இதைக் குழப்பிக்கொண்டு வால்வைத் திருகியவர்கள் கெடுத்த பாய்லர்களைச் சரி செய்தே எனக்குப் பாதி வருமானம்.

இது எவ்வளவு மெல்லிய பிரஷர் என்பதும் பலருக்குத் தெரியாது. டயர் காற்றை அளக்கும் அலகான பிஎஸ்ஐ-யில் 1 என்றால் 27.7 அங்குல நீர். அப்படியானால் 3.5 அங்குலம் ஒரு பிஎஸ்ஐ-யில் எட்டில் ஒரு பங்குதான். டயருக்குக் காற்று பார்க்கிற கேஜை மாட்டிவிட்டு "முள் அசையவே இல்லை, கேஸ் வரவில்லை" என்று என்னைக் கூப்பிட்டவர் ஒருவர் உண்டு.

கேள்வி: எங்கே, எப்படி அளப்பது? படிப்படியாகச் சொல்ல முடியுமா சார்?

பதில்: கேஸ் வால்வின் மேல் இரண்டு சின்ன மூக்குகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று உள்ளே வரும் பக்கம், மற்றது பர்னருக்குப் போகும் பக்கம். வட அமெரிக்க வால்வுகளில் மூக்குக்குப் பதில் ஒரு குட்டி பிளக் இருக்கும், அதைக் கழற்றி முனை மாட்ட வேண்டும். முதலில் கேஸை மூடுங்கள். மூக்கின் நடுவில் இருக்கும் திருகை முழுசாகக் கழற்ற வேண்டாம், ஒரு சுற்று தளர்த்தினால் போதும். மானோமீட்டரின் ரப்பர் ஹோஸை இறுக்கமாக மாட்டுங்கள். மானோமீட்டர் என்பது பிரஷர் அளக்கும் கருவி; யூ வடிவக் குழாயில் தண்ணீர் ஊற்றியதும் உண்டு, டிஜிட்டலும் உண்டு. பிறகு கேஸைத் திறங்கள்.

உள்ளே வரும் பக்கம் மூன்று தடவை படிக்க வேண்டும். எதுவும் எரியாதபோது ஒரு தடவை. இந்தக் கருவி மட்டும் முழுத் தீயில் எரியும்போது ஒரு தடவை. வீட்டில் இருக்கிற கேஸ் கருவிகள் எல்லாம் முழுத் தீயில் எரியும்போது ஒரு தடவை. முதல் அளவை மட்டும் பார்த்துவிட்டு "பிரஷர் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிற மெக்கானிக்கை நம்பாதீர்கள். குழாயில் அரை அடைப்பு இருந்தாலும், கேஸ் ஓடாதவரை பிரஷர் முழுசாகத்தான் காட்டும். முதல் அளவிலும் ஒரு தகவல் உண்டு. எதுவும் எரியாதபோது பிரஷர் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால், ரெகுலேட்டர் சரியாக மூடவில்லை. பெரும்பாலும் அதன் அடைப்பான் உட்காரும் இடத்தில் தூசு இருக்கும்.

உள்ளே வருவது சரியாக இருந்தால்தான் பர்னர் பக்கத்துக்கே போக வேண்டும். அங்கேயும் ஐந்து நிமிஷம் எரிந்த பிறகுதான் படிக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் கேஸை மூடி, ஹோஸை எடுத்து, மூக்கின் திருகை இறுக்கி, கேஸைத் திறந்து, சோப்பு நுரை வைத்துப் பாருங்கள். இதை இன்று பத்துத் தடவை சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருஷம் ஒரு வீட்டில் அந்தத் திருகை இறுக்காமல் மூடியைப் போட்டுவிட்டு, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் செருப்பு மாட்டும்போது உள்ளிருந்து ஒரு பாட்டி, "தம்பி, முட்டை அழுகின மாதிரி என்னமோ நாத்தம் வருதே" என்றார். அந்தப் பாட்டியின் மூக்குதான் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. கேஸில் அந்த நாற்றத்தைக் கலப்பதே இதற்காகத்தான். கேஸுக்கு என்று சொந்த வாசனை ஏறக்குறைய கிடையாது.

கேள்வி: எந்த கம்பெனி பாய்லர் நல்லது?

பதில்: அடுத்த கேள்வி.

கேள்வி: ஹீட்டரில் தீ மஞ்சளாக எரிகிறது. பிரஷரைக் கூட்டினால் நீலமாகுமா?

பதில்: கூட்டாதீர்கள். முதலில் ஹீட்டரை அணைத்து, ஜன்னலைத் திறங்கள். அலங்காரத்துக்காக மஞ்சள் தீ வரும்படியே செய்த ஹீட்டர்கள் சில உண்டு. உங்களுடையது அந்த வகை இல்லை என்றால் மஞ்சள் என்பது காற்று போதவில்லை என்று அர்த்தம். பர்னரின் காற்றுத் துளையில் பஞ்சும் தூசும் அடைத்திருக்கும், சிலந்தி கூடு கட்டியிருக்கும், அல்லது ஜெட் (பர்னருக்குக் கேஸ் பாயும் சின்னத் துளை உள்ள பாகம்) மாறியிருக்கும். பிரஷரைக் கூட்டினால் எரிவதற்குக் காற்று இன்னும் பற்றாமல் போகலாம். அரைகுறையாக எரியும்போது வருவது கார்பன் மோனாக்ஸைடு. நிறம் இல்லை, மணம் இல்லை, தலைவலியோடு தொடங்கும். அதற்கான அலாரம் வீட்டில் இல்லை என்றால் இந்தப் பக்கத்தைப் படிப்பதை விட்டுவிட்டு அதை முதலில் வாங்குங்கள்.

கேள்வி: ஹீட்டர் தனியாக நன்றாக எரிகிறது. கீசரும் அடுப்பும் சேர்ந்தால் அணைந்துவிடுகிறது. மெக்கானிக் வால்வு மாற்றச் சொல்கிறார்.

பதில்: வால்வு மேல் பழி போடுவதற்கு முன் மூன்றாவது அளவை எடுத்தாரா என்று கேளுங்கள். நான் பார்த்த ஒரு வீட்டில் சும்மா இருக்கும்போது 22 மில்லிபார், ஹீட்டர் மட்டும் எரியும்போது 19, எல்லாம் எரியும்போது 12. வால்வில் ஒரு குறையும் இல்லை. மீட்டரிலிருந்து வரும் குழாய் பழைய அடுப்பு ஒன்றுக்காகப் போட்டது. அதிலேயே பின்னால் வந்தவர்கள் கீசரையும் ஹீட்டரையும் கோத்துவிட்டார்கள்.

இதன் கணக்கு கொஞ்சம் பொல்லாதது. ஒரே குழாயில் இரண்டு மடங்கு கேஸ் ஓடினால் பிரஷர் இழப்பு இரண்டு மடங்கு ஆகாது, ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகும். அதனால்தான் இரண்டு கருவி வரை சமாளித்த குழாய் மூன்றாவது வந்ததும் கையை விரித்துவிடுகிறது. பிரிட்டனில் மீட்டரிலிருந்து கருவி வரையிலான குழாயில் 1 மில்லிபாருக்கு மேல் இழக்கக்கூடாது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் மீட்டர் பக்கமும் ஹீட்டர் பக்கமும் ஒரே நேரத்தில் அளந்தால், குழாயா சப்ளையா என்பது ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். அளந்த பிறகு திருகை இறுக்கி, சோப்பு நுரை.

கேள்வி: இந்தக் காலத்தில் போய் தண்ணீர்க் குழாய் மானோமீட்டரா? டிஜிட்டல் புள்ளிக்குப் பின்னால் இரண்டு எண் காட்டுகிறது. ஏன் யாரும் அதைச் சொல்வதில்லை?

பதில்: டிஜிட்டல் என்னிடமும் இருக்கிறது. இடுக்கில் படிக்க அதுதான் சௌகரியம். ஆனால் ஹோஸ் மாட்டுவதற்கு முன் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும், பேட்டரி பார்க்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவை சரிபார்க்க அனுப்ப வேண்டும். யூ வடிவக் குழாயில் தண்ணீர் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

அதே வாசகர்: தெரியும் சார்! ஒரே இடத்தில் என் டிஜிட்டல் 20 காட்டுகிறது, யூ குழாய் 24 காட்டுகிறது. இரண்டில் ஒன்று பொய்தானே?

இன்னொருவர்: ஒரு பக்கம் ஏறியதை மட்டும் படித்திருப்பார்.

பதில்: இல்லை, ஒரு பக்கம் மட்டும் படித்தால் பாதிதான் வரும், கூட வராது. யூ குழாயில் ஒரு பக்கம் இறங்கியதையும் மறு பக்கம் ஏறியதையும் கூட்ட வேண்டும். தண்ணீரின் மேல்பரப்பு ஓரத்தில் வளைந்து ஏறியிருக்கும், நடுக்குழியின் மட்டத்தைத்தான் படிக்க வேண்டும். இவர் சரியாகத்தான் படித்திருக்கிறார் போல.

இன்னொருவர்: ஒரு பக்கக் குழாய் மெல்லிசாக இருந்தால்?

பதில்: ஊசி மாதிரி மெல்லிசாக இல்லாதவரை அகலத்துக்கு இங்கே வேலை இல்லை. உயரம்தான் கணக்கு. முதலில் கேட்டவருக்கு ஒரு கேள்வி. குழாயில் என்ன ஊற்றியிருக்கிறீர்கள்?

அதே வாசகர்: தண்ணீர் ஆவியாகிவிட்டது. பழைய கேஜ் ஒன்றில் இருந்த சிவப்புத் திரவத்தை ஊற்றினேன். நிறம் நன்றாகத் தெரிகிறதே.

பதில்: நினைத்தேன். அது கேஜ் எண்ணெய். தண்ணீரை விட லேசு, அடர்த்தி 0.826 என்று பாட்டிலிலேயே போட்டிருப்பார்கள். 20 மில்லிபாருக்குத் தண்ணீர் 204 மில்லிமீட்டர் வித்தியாசம் காட்டும். அந்த எண்ணெய் 247 மில்லிமீட்டர் காட்டும். தண்ணீருக்காக அச்சடித்த அளவுகோலில் அதைப் படித்தால் 24 மில்லிபார். உங்கள் டிஜிட்டல் சொன்னது சரி, யூ குழாயும் சரி, ஊற்றிய கைதான் தப்பு. இதை நம்பி பாய்லரை 20-க்கு இறக்கியிருந்தால் உண்மையில் 16.5 தான் வைத்திருப்பீர்கள்.

அதே வாசகர்: தண்ணீருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றீர்களே!

பதில்: அது தண்ணீர் இல்லையே ஐயா. எண்ணெயைக் கழுவிவிட்டு, ஒரு சொட்டு கலர் விட்ட தண்ணீரை ஊற்றுங்கள். டிஜிட்டலா குழாயா என்று இனிமேல் யாரும் கேட்காதீர்கள். நான் இரண்டையும் கொண்டுபோகிறேன்.

கேள்வி: என் கீசருக்கு எவ்வளவு பிரஷர் வேண்டும்?

பதில்: தகடு. முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: ரெகுலேட்டரில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. கேஸ் கசியுமே என்று டேப் ஒட்டினேன். அதிலிருந்து தீ கூடுவதும் குறைவதுமாக இருக்கிறது.

பதில்: டேப்பை உரித்துவிடுங்கள். ரெகுலேட்டருக்குள் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. கீழே கேஸ், மேலே ஸ்பிரிங்கும் வெளிக்காற்றும். கேஸ் பிரஷர் ஏறினால் சவ்வு மேலே எழும்பி வழியைக் குறுக்கும், இறங்கினால் தாழ்ந்து வழி விடும். அது எழும்பித் தாழும்போது மேலே இருக்கும் காற்று போய்வர வேண்டாமா? அந்த ஓட்டை அதற்குத்தான், ரெகுலேட்டரின் மூச்சு அது. வெளியே மாட்டியதில் பனி உறைந்தாலும், பூச்சி கூடு கட்டினாலும், பெயின்ட் அடித்தாலும் இதே கதைதான். உரித்த பிறகு அந்த ஓட்டையில் சோப்பு நுரை வைத்துப் பாருங்கள். குமிழி தொடர்ந்து வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது, கேஸை மூடிவிட்டு ரெகுலேட்டரை மாற்றுங்கள்.

கேள்வி: இயற்கை எரிவாயு ஹீட்டரை எல்பிஜிக்கு மாற்ற பிரஷரைக் கூட்டினால் போதுமா அண்ணா?

பதில்: போதாது, ஆபத்தும்கூட. ஒரே கனஅளவு புரொப்பேனில் இயற்கை எரிவாயுவைப் போல் இரண்டரை மடங்கு வெப்பம் இருக்கிறது. அதனால் ஜெட் துளை சிறிதாக வேண்டும். பழைய ஜெட்டை வைத்துக்கொண்டு எல்பிஜி பிரஷரில் எரித்தால், கருவி தாங்கும் வெப்பத்தைப் போல் இரண்டரை மடங்கு உள்ளே எரியும். கரி படியும், வெப்பம் வாங்கும் தகடு விரிசல் விடும். அந்த மாடலுக்கென்று தயாரிப்பாளர் தரும் மாற்று கிட் இருந்தால் மாற்றலாம். இல்லை என்றால் மாற்ற முடியாது.

கேள்வி: குளிர் அதிகமான இரவில் சிலிண்டர் ஹீட்டர் மங்கிவிடுகிறது. ரெகுலேட்டரைக் கூட்டலாமா?

பதில்: ரெகுலேட்டர் இருக்கிறதைக் குறைக்கும், இல்லாததை உண்டாக்காது. பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே கொதிக்காது, புரொப்பேன் மைனஸ் 42 வரை கொதிக்கும். பியூட்டேன் அதிகம் கலந்த சிலிண்டர் கடும் குளிரில் கேஸாகவே மாறாது. அது மட்டும் இல்லை. கேஸாக மாற மாற சிலிண்டர் தன் சூட்டையே இழக்கும், வெளியே வெண்பனி படிவது அதனால்தான். புரொப்பேனுக்கு மாறுங்கள், பெரிய சிலிண்டர் வையுங்கள். சுடுதண்ணீர் ஊற்றுவது, தீ காட்டுவது எல்லாம் கூடவே கூடாது.

கேள்வி: புது கண்டென்சிங் பாய்லர் (புகையின் நீராவியைக் குளிர்வித்து அந்த வெப்பத்தையும் எடுக்கும் வகை). பர்னர் பிரஷர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டுகிறது. வால்வு போய்விட்டதா?

பதில்: போகவில்லை. அந்த வகையில் விசிறி இழுக்கும் காற்றுக்கு ஏற்ப கேஸ் தானே கலக்கும். அதை பிரஷர் பார்த்துச் சரிசெய்ய முடியாது. புகைக் குழாயில் அனலைசர் (புகையில் என்ன கேஸ் எவ்வளவு என்று அளக்கும் கருவி) வைத்து, கார்பன் டை ஆக்ஸைடு சதவீதம் தகட்டில் சொன்ன அளவுக்கு வருகிறதா என்று பார்த்துத்தான் செய்ய வேண்டும். அனலைசர் இல்லாதவர் அந்த வால்வைத் தொடக்கூடாது.

கேள்வி: கொஞ்சம் குறைவாக வைத்தால் கேஸ் மிச்சமாகுமே?

பதில்: ஆகாது. வீடு சூடாக அதிக நேரம் எரியும், அவ்வளவுதான். பழைய வகை பாய்லர் என்றால் புகை குளிர்ந்து உள்ளேயே நீர் கோத்து, வெப்பம் வாங்கும் தகடு துருப்பிடிக்கும்.

கேள்வி: அண்ணா, ஒரே ஒரு சந்தேகம். வால்வில் இருக்கும் ஸ்குரூவை எந்தப் பக்கம் திருப்பினால் பிரஷர் ஏறும்? எத்தனை சுற்று?

பதில்: பெரும்பாலானவற்றில் வலப்பக்கம். சுற்றுக் கணக்கு கிடையாது, கேஜைப் பார்த்துக்கொண்டே திருப்ப வேண்டும். உங்கள் கேஜ் இப்போது எவ்வளவு காட்டுகிறது?

அதே வாசகர்: கேஜ் இல்லை அண்ணா. தீயைப் பார்த்துக் குத்துமதிப்பா வச்சுக்கலாம்னு...

பதில்: ஸ்குரூடிரைவரை டப்பாவுக்குள் வையுங்கள்.